பாய்லர் பக்கத்தில் நெத்திலி சம்பல்

பாய்லர் கழிப்பறைக்குக் கீழே போய்விட்டது.

கணினித் திரையின் இடது ஓரத்தில் தலைப்புகள் வரிசையாக நின்றன. முதலில் 'உணவறை விதிகள்'. அதற்கடுத்து 'கழிப்பறைச் சுத்தம்'. கடைசியில், போனால் போகட்டும் என்று சேர்த்துக்கொண்டதுபோல, 'பாய்லர் இயக்கும் முறை'. அந்த எண்ணெய் ஆலையிலேயே கோபம் வந்தால் ஆளைக் கொல்லக்கூடிய பொருள் பாய்லர் ஒன்றுதான். அதற்கு இந்த மரியாதை.

புனிதன் திரையை முறைத்தான். பத்தாங் பெர்ஜுந்தாய் ஊருக்கு வெளியே, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்த ஆலையில் அவன் பாய்லர் சூப்பர்வைசர். நீராவியை அடக்கத் தெரியும். இந்தத் திரையை அடக்கத்தான் வழி தெரியவில்லை.

எல்லாம் மேனேஜர் எலியட் கூட்டிய கூட்டத்தில் ஆரம்பித்தது.

"நம்ம மில் கையேடு எல்லாம் இனிமே வெப்சைட்டுல இருக்கும். தலைமையகத்துல ஒரு தீம் போட்டுக் குடுத்திருக்காங்க. நாம எழுதுனா போதும், பக்கம் அதுவா அழகா வந்துரும். இந்தத் தீமை எல்லாரும் பழகிக்கணும்" என்றார் எலியட்.

பாய்லர் ஓட்டும் செல்லையா எழுந்தார். "தீமையெல்லாம் பழகக் கூடாதுன்னுதான சார் கோயில்ல சொல்றாங்க?"

சிரிப்பு அடங்கியதும் எலியட் விஷயத்துக்கு வந்தார். மலாய்ப் பக்கங்கள் தயார். ஆனால் பாய்லர் பக்கம் நிற்கும் மூத்த தொழிலாளர்களுக்குத் தமிழ்தான் சரளமாக வாசிக்க வரும். பாதுகாப்பு ஆய்வுக்கு ஆட்கள் வருவதற்குள் தமிழ்ப் பக்கங்கள் வேண்டும். கோயில் திருவிழா அறிக்கைகளைத் தட்டச்சு செய்பவன் புனிதன் என்பது ஊருக்கே தெரியும். எல்லாரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். வேலை அவன் தலையில் விழுந்தது.

ஒவ்வொரு பக்கத்தின் உச்சியிலும் மும்மூன்று சின்னக் கோடுகளுக்கு நடுவே சில விவரங்களை எழுத வேண்டும். தலைப்பு என்று ஒன்று. அதை எழுதினான். அடுத்து 'வெயிட்' என்று ஒன்று. பக்கங்களின் வரிசை வெயிட்டைப் பொறுத்தது என்று விளக்கம் சொன்னது. தாளே இல்லாத பக்கத்துக்கு ஏது வெயிட்? அவன் அதைக் காலியாக விட்டான். பாய்லர் கழிப்பறைக்குக் கீழே போனது அதனால்தான்.

கோல சிலாங்கூரில் இருக்கும் தலைமையகத்துக்குப் போன் போட்டான். ஆபரேட்டர் லில்லியன் எடுத்தாள்.

"வெயிட் சரியா வரலைங்க. யாருகிட்ட பேசணும்?"

"வெயிட்டா? லைன்ல இருங்க."

போன் இரண்டு தடவை மணியடித்தது. ஒரு பெண்குரல் வந்தது.

"வணக்கம், துளசி பேசறேன். வெயிட் எவ்வளவு?"

புனிதன் திடுக்கிட்டான். முன்பின் தெரியாத பெண் எடுத்த எடுப்பில் இப்படிக் கேட்பாள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் கேட்டவருக்குப் பதில் சொல்வதுதான் மரியாதை.

"எழுபத்தெட்டு" என்றான்.

"எழுபத்தெட்டு டன்னா?"

"ஐயோ, கிலோங்க!"

"எழுபத்தெட்டு கிலோவுக்கா போன் பண்றீங்க? அது ஒரு ஆளு வெயிட்டுல்ல?"

"ஆமாங்க, என் வெயிட்தான். தீபாவளி முடிஞ்சா எண்பது."

மறுமுனையில் சிரிப்பு கிளம்பியது. அது இருமலாக மாறி, மறுபடி சிரிப்பாக மாறியது. புனிதனுக்கு முப்பத்தாறு வயது. பெண் பார்க்கப் போன இடங்களில் நா எழாமல், கடைசியில் நீராவி அழுத்தத்தைப் பற்றிப் பேசிவிட்டு வந்தவன். அவன் பேச்சுக்கு ஒரு பெண் சிரித்தது இதுதான் முதல் தடவை.

தைரியம் வந்து விவரமாகச் சொன்னான். சைட், தீம், கழிப்பறை, பாய்லர், காலியாக விட்ட வெயிட். மறுமுனை அமைதியாகக் கேட்டது. பின்னால் எங்கோ ஒரு லோரி ஹார்ன் அடித்தது.

"உங்க பேரு?"

"புனிதன்."

"புனிதன், எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். வெயிட்டுன்னா நெஜ வெயிட்டப் போடுங்க. பொய் வெயிட் போட்டாத்தான் பிரச்சினையே வரும். அப்புறம் இனிமே ஆபரேட்டர் கிட்ட போகாதீங்க. என் கைப்பேசி நம்பரைத் தர்றேன், நேரா கூப்பிடுங்க."

அவன் எண்ணைக் குறித்துக்கொண்டான். பிறகு ஆலை முழுக்க நடந்து, இயந்திரங்களின் மேல் அடித்திருந்த தகடுகளைத் துடைத்துத் துடைத்து எடையைப் படித்தான். கழிப்பறைச் சுத்தத்துக்கு என்ன எடை என்று தெரியவில்லை. வாளியையும் துடைப்பத்தையும் உணவறைத் தராசில் வைத்து நிறுத்தான். உணவறை விதிகளுக்கு என்ன போடுவது என்று யோசித்து, சமையல்காரி காளியம்மாவிடம் அவள் எடையைக் கேட்டான். அவள் அகப்பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் துரத்தினாள்.

எல்லாவற்றையும் போட்டு முடித்துப் பார்த்தான். லேசானதெல்லாம் மேலே மிதந்தது. வாளியும் துடைப்பமும் முதலிடத்துக்கு வந்துவிட்டன. உணவறைக்கு அவன் உத்தேசமாகப் போட்ட எடை காளியம்மாவை இரண்டாமிடத்தில் நிறுத்தியது. நெஜ எடை கிடைத்ததும் பாய்லர் அடியில் போய் அசையாமல் உட்கார்ந்துவிட்டது.

துளசியை அழைத்துச் சொன்னான்.

"அடடா" என்றாள். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் டைம் குடுங்க."

மறுநாள் மதியம் அவளே கூப்பிட்டாள். "தப்பு என்மேலதான். அது எடையே இல்லையாம், புனிதன். வரிசை நம்பராம். சின்ன நம்பர் மேல நிக்குமாம். பாய்லருக்கு ஒண்ணு போடணுமாம்."

ஒன்று போட்டான். பாய்லர் உச்சிக்குப் போனது. பெரிய படிப்புப் படித்தவர்கள் எதையும் தாங்களே கண்டுபிடித்ததுபோலச் சொல்லாமல், 'இல்லையாம், போடணுமாம்' என்று அடக்கமாகத்தான் சொல்வார்கள்போல என்று புனிதன் நினைத்துக்கொண்டான். அவனுக்கு அந்த அடக்கம் மிகவும் பிடித்திருந்தது.

அடுத்த வம்பு படங்களால் வந்தது. பாய்லரைக் கிளப்பும் வேலைகளை ஒன்று, இரண்டு என்று எண் போட்டு எழுதினான். ஒவ்வொரு வேலைக்கும் கீழே ஒரு படம் வைத்தான். பார்க்க நன்றாக இருந்தது. செல்லையாவைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னான்.

செல்லையா கண்ணாடியை மூக்கில் இறக்கிப் படித்தார். "தண்ணி மட்டம் பாக்கணும், அது ஒண்ணு. காத்துக் கதவைத் தொறக்கணும், அதுவும் ஒண்ணு. தீ மூட்டறதும் ஒண்ணு. எல்லாமே ஒண்ணாவது வேலையா இருக்கே தம்பி? எனக்கு ரெண்டு கைதான இருக்கு?"

புனிதன் எட்டிப் பார்த்தான். உண்மைதான். ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் எண்கள் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்திருந்தன. தண்ணீர் பார்க்காமல் தீ மூட்டினால் ஆலையே மிஞ்சாது.

"படத்துக்கு முன்னால இடம் விடணும்னு சொன்னான்…" என்று போனில் ஆரம்பித்த துளசி, சட்டென்று நிறுத்தினாள். "அதாவது, விடணும். ஸ்பேஸ் பட்டனை நாலு தட்டு தட்டுங்க."

புனிதன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. படத்துக்கு நாலு தட்டு நல்லதென்றால் மற்றதற்கும் நல்லதுதானே? தலைப்பு, பத்தி, எச்சரிக்கை என்று பக்கத்தின் எல்லா வரிகளுக்கும் முன்னால் நாலு நாலாகத் தட்டினான். முழுப் பக்கமும் ஒரு சாம்பல் நிறப் பெட்டிக்குள் அடைபட்டு, பழைய தட்டச்சு எழுத்தாக மாறியது. வரிகள் திரையை விட்டு வெளியே ஓடின.

"சிறைக்குப் போன மாதிரி இருக்குங்க" என்றான்.

துளசி சிரித்து ஓய்ந்தாள். "முதல்ல வேற ஒரு சின்னப் பக்கத்துல பழகிக்கங்க. உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச எதையாவது எழுதிப் பாருங்க. அதுல சரியா வந்தா பாய்லர்லயும் சரியா வரும்."

பாய்லரை விட்டால் தனிக்கட்டையான புனிதனுக்கு நல்லாத் தெரிந்தது நெத்திலி சம்பல் ஒன்றுதான். அதை எழுதினான். எண்கள் ஒன்று இரண்டு மூன்றென்று ஒழுங்காக நின்றன. நடுநடுவே படங்கள் அடக்கமாக உட்கார்ந்தன. சிவப்புப் பெட்டியில் ஒரு எச்சரிக்கைகூடப் போட்டான். அத்தனை அழகான பக்கத்தை அந்தத் தீம் அதுவரை கண்டிருக்காது. துளசிக்கு அனுப்பிவைத்தான்.

இரண்டு நாள் கழித்து அழைப்பு வந்தது.

"உப்பு அதிகம்" என்றாள்.

"எந்தப் பக்கத்துலங்க?"

"சம்பல்ல. நேத்து செஞ்சு பாத்தேன். நெத்திலியிலயே உப்பு இருக்குமே, நீங்க மேல வேற போடச் சொல்றீங்க. நான் ஜெராம் மீன்பிடி ஊர்க்காரி, எங்கிட்டயேவா?"

தான் எழுதியதைப் படித்து ஒருத்தி அடுப்பு மூட்டியிருக்கிறாள் என்ற எண்ணம் புனிதனை அன்று முழுக்கப் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் அழுத்தமானியைப் பார்த்தபடி தனியாகச் சிரித்துக்கொண்டு நின்றான். செல்லையா கவனித்துவிட்டார்.

"யாரு தம்பி அது, தெனமும் போன்ல?"

"தலைமையகத்து ஐடி செக்‌ஷன் அண்ணே. துளசின்னு பேரு. நல்லாப் பேசுவாங்க."

"பேசாம? அதுக்குத்தானே அவங்களுக்குச் சம்பளம். யாரு கூப்பிட்டாலும் இப்படித்தான் இனிக்கப் பேசணும். வங்கியில பேசற பொண்ணுகூட என்னை அன்புள்ள செல்லையான்னுதான் சொல்லுது. அதுக்காக நான் என்ன, மாலை வாங்கிட்டுப் போனேனா?"

செல்லையா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சொன்னது தைத்துவிட்டது. அவள் பேசுவது தன்னோடா, தன் பாய்லர் பக்கத்தோடா? இதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் சோறு இறங்காது என்ற நிலைக்குப் புனிதன் வந்தான். கேட்கத்தான் வாய் வரவில்லை. பக்கம் முடிந்துவிட்டால் கூப்பிடவும் காரணம் இருக்காது. ஆகவே பக்கத்தை முடிக்காமல் பார்த்துக்கொண்டான். கேட்கச் சந்தேகம் எதுவும் மிஞ்சாத நாட்களில், பக்கத்தின் உச்சியில் இருந்த மூன்று கோடுகளில் ஒன்றைத் தானே அழித்துவிட்டு, கோட்டைக் காணோம் என்று அழைத்தான். அவளும் சலிக்காமல் தேடிக் கொடுத்தாள்.

எலியட்டுக்குப் பொறுமை போய்விட்டது. "வெள்ளிக்கிழமை ஆய்வுக்கு ஆளு வர்றாங்க. புதன்கிழமைக்குள்ள பாய்லர் பக்கம் சைட்டுல ஏறணும் லா, புனிதன்."

செவ்வாய்க்கிழமை மதியம் புனிதன் பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று துளசியை அழைத்தான்.

"நாளையோட முடிஞ்சிரும், மிஸ் துளசி. இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல."

"தொந்தரவுன்னு நான் எப்ப சொன்னேன்?"

"நீங்க சொல்லல." அவன் தொண்டையைச் செருமினான். "ஆனா இது உங்க வேலைதானே? யாரு கூப்பிட்டாலும் இப்படித்தானே பேசணும்?"

 

"புனிதன், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்…" என்றாள். அப்போது ஒரு ஹார்ன் நீளமாக அலறியது. "ஐயோ, லோரி வந்து நிக்குது. அப்புறம் பேசறேன்."

லைன் அறுந்தது. வாசலில் லோரி நின்றால் கணினிப் பிரிவில் இருக்கிறவளுக்கு என்ன வந்தது? போனை வைக்க ஒரு சாக்கு, அவ்வளவுதான். செல்லையா சொன்னதுதான் சரி. புனிதனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த மனநிலையில் எழுதும் வேலையை யாரும் செய்யக் கூடாது. அவன் செய்தான். சம்பல் பக்கம்தான் ஒழுங்காக வந்த பக்கம் என்பதால் அதை அப்படியே நகலெடுத்து, உச்சியில் 'பாய்லர் இயக்கும் முறை' என்று தலைப்பை மாற்றினான். அதற்குக் கீழே 'இயக்குபவர்: செல்லையா' என்று சேர்த்தான். மற்ற வரிகளையும் மாற்ற வேண்டும் என்பது அவன் நினைவில் இல்லை. பக்கத்தை ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டான்.

புதன்கிழமை காலை எலியட் அறையில் கூட்டமாக நின்றார்கள். எலியட் திரையைப் பார்த்து உரக்கப் படித்துக்கொண்டிருந்தார்.

"பாய்லர் இயக்கும் முறை. இயக்குபவர், செல்லையா. ஒன்று, தலையைக் கிள்ளி எறியவும்."

"யாரு தலைய?" என்றார் செல்லையா.

"ரெண்டு, வயிற்றைக் கீறிச் சுத்தம் செய்யவும். மூணு, எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் உள்ளே போடவும்." எலியட் கண்ணாடியைக் கழற்றினார். "எச்சரிக்கை. தீ அதிகமானால் கருகிவிடும், பிறகு யாரும் சாப்பிட முடியாது. என்ன புனிதன் இது?"

"நெத்திலி சம்பல், சார்" என்றான் புனிதன்.

"உப்பு அதிகமாப் போட்டிருக்கே" என்றாள் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த காளியம்மா.

எலியட் போனை எடுத்தார். தலைமையகத்துக்கு அழைத்து, ஐடி பிரிவிலிருந்து உடனே ஆள் வரவேண்டும், நேரில் வரவேண்டும், நாளைக்கே வரவேண்டும் என்று கத்தினார்.

ஆலையே புனிதனுக்காகப் பரிதாபப்பட்டது. புனிதனுக்கோ வேறு கவலை. நாளைக்கு அவள் வருவாள். கோபமாகத்தான் வருவாள். வரட்டும். முகத்துக்கு நேரே ஒரு தடவை கேட்டுவிடலாம்.

வியாழக்கிழமை, கல்யாணங்களுக்கு மட்டும் போடும் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு அணிந்து வந்தான். வாசனைத் திரவியம் கொஞ்சம் தாராளமாகவே இருந்தது. காளியம்மா தும்மினாள். செல்லையா அவனை மேலும் கீழும் பார்த்தார். அன்று அவர் கிண்டல் செய்யவில்லை. தன் தலைச்சீப்பை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

பத்து மணிவாக்கில் கார் வந்து நின்றது. கதவு திறந்து இறங்கியது ஓர் இளைஞன். தோளில் பை, வாயில் சூயிங்கம். மறுபக்கக் கதவு திறக்கும் என்று புனிதன் காத்திருந்தான். அது திறக்கவில்லை.

"நான் மார்கஸ், ஐடி" என்று கை கொடுத்த அந்த இளைஞன், பெயரைக் கேட்டதும் கண்ணை அகல விரித்தான். "நீங்கதான் அந்தப் புனிதனா!"

திட்டப் போகிறான் என்று புனிதன் தலையைக் குனிந்துகொண்டான். மார்கஸ் திட்டவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து, சீட்டியடித்தபடி வரிகளைத் திருத்தினான். பாய்லர் எழுத்துகளைப் பழைய பிரதியிலிருந்து எடுத்துப் பொருத்தினான். எண்கள் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைக்கு வந்தன. படங்கள் அடங்கி உட்கார்ந்தன. பாய்லர் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. செல்லையா முழுப் பக்கத்தையும் தடங்கலில்லாமல் வாசித்து, "இப்பத்தான் பாய்லருக்கு மரியாதை" என்றார். எலியட் புனிதனின் முதுகில் தட்டிவிட்டுப் போனார்.

"சம்பலை நான் அழிக்கல, ப்ரோ. உணவறை பக்கத்துக்குக் கீழ வச்சிட்டேன்" என்றான் மார்கஸ்.

புனிதன் தலையாட்டினான். எல்லாம் சரியாகிவிட்டது. இனி எதுவும் கெட்டுப்போகாது. இனி யாரையும் கூப்பிடவும் வேண்டாம். அவன் நீலச் சட்டையின் கையை இழுத்துவிட்டுக்கொண்டு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் கேட்டே விட்டான்.

"உங்க ஐடியிலேருந்து மிஸ் துளசி வரலீங்களா?"

மார்கஸ் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சூயிங்கம் மெல்வதை நிறுத்தி, அவனை ஏற இறங்கப் பார்த்தான்.

"ஐடியில நான் ஒரே ஆளு லா, ப்ரோ. துளசி அக்கா லோரிங்களுக்கு வெயிட் பாக்கற இடத்துல வேலை செய்றாங்க. மூணு வாரமா சாப்பாட்டு நேரத்துல சாப்பிடாம எம்பக்கத்துல உக்காந்து இந்த சைட் வேலையக் கத்துக்கறாங்க. ராங் நம்பர்னு சொன்னா, நீங்க போனை வச்சிருவீங்களாம்."